ஏரியும் மதகும்: குறைந்த செலவில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் தேர்வது எப்படி?

சித்தி மகன் தஞ்சாவூரிலிருந்து போன் செய்தான். “அண்ணா, 100 வாட் ஆம்ப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அதே விலைக்கு இன்னொண்ணு 300 வாட்னு போட்டிருக்கு. 300ஐயே வாங்கிடவா?”

அவனிடம் இருப்பது ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். பாஸுக்கு ஐந்தேகால் அங்குல ஊஃபர், அதற்கு மேலே கீச்சுச் சத்தங்களுக்கு ஒரு சின்ன ட்வீட்டர். இப்போதைக்கு அவற்றை ஓட்டுவது பழைய 2.1 செட்டிலிருந்து பிரித்தெடுத்த ஆம்ப்ளிஃபயர். கையில் பத்தாயிரம் ரூபாய். மனசுக்குப் பிடித்தால் பன்னிரண்டு வரை போவானாம்.

“அந்த 300 வாட் பெட்டிகூட வர்ற அடாப்டர்ல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “24 வோல்ட், 5 ஆம்பியர்.”

அந்த ஒரு வரியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாக ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிற யாருக்கும் அந்தக் கணக்கு ஒன்றுதான்.

ஆம்ப்ளிஃபயர் என்ன செய்கிறது?

ஆம்ப்ளிஃபயர் சின்ன சத்தத்தைப் பெரிய சத்தமாக்குகிறது என்று சொல்லிச் சொல்லி, பூதக்கண்ணாடி மாதிரி ஒரு படம் நம் மனசில் பதிந்துவிட்டது. அதை அழித்துவிட்டு ஓர் ஏரியை வரைந்துகொள்ளுங்கள். ஏரி நிறையத் தண்ணீர். கரையில் ஒரு மதகு. ஒருவர் மதகின் பலகையை ஏற்றி இறக்குகிறார். அவர் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஏற்றபடி வாய்க்காலில் நீர் கூடியும் குறைந்தும் ஓடுகிறது. மதகைப் பிடித்த கைக்குப் பெரிய பலம் தேவையில்லை. வாய்க்காலில் பாய்கிற வேகமெல்லாம் ஏரியுடையது.

போனிலிருந்தோ டிவியிலிருந்தோ வருகிற பாட்டு அந்தக் கை. அது ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும், ஸ்பீக்கரை ஓட்டுகிற கரண்டும் அதில் இல்லை. நேராக ஸ்பீக்கரில் கொடுத்தால் கொசு ரீங்காரம்தான் வரும். மதகு என்பது டிரான்சிஸ்டர், அல்லது பல டிரான்சிஸ்டர்களை உள்ளடக்கிய ஐசி. வாய்க்கால், ஸ்பீக்கர். ஏரி என்பது பவர் சப்ளை: சுவரிலிருந்து 230 வோல்ட்டை வாங்கி டிசியாக்கித் தேக்கி வைக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டர்களும். இல்லாவிட்டால், லேப்டாப்புக்கு வருவது போன்ற ஓர் அடாப்டர்.

நாம் கேட்பது பாட்டின் வடிவில் திறந்துவிடப்பட்ட மின்சாரம். மதகை எவ்வளவு தூக்கினாலும் ஏரியில் இல்லாத தண்ணீர் வராது. ஆம்ப்ளிஃபயர் விற்பவர்கள் நம் கவனத்துக்கு வராமல் பார்த்துக்கொள்கிற விஷயமும் இதுதான். பெட்டியின் முகப்பில் மதகின் அகலத்தை எழுதியிருப்பார்கள். ஏரியின் கொள்ளளவு அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

24ஐ 5ஆல் பெருக்கினால் 120. அந்த அடாப்டர் தரக்கூடிய மொத்த மின்சாரம் 120 வாட். நல்ல ஐசியாக இருந்தால் அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்குப் போகும். இடது, வலது இரண்டு சேனலுக்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம். 300 எங்கிருந்து வரும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது. அடாப்டரில் ஓடுகிற இன்றைய சின்ன ஆம்ப்ளிஃபயர்களுக்கு இது பொருந்தும். அடாப்டர் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்குங்கள்; உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் மின்தடை 8 ஓம் என்றால் 16ஆல், 6 ஓம் என்றால் 12ஆல், 4 ஓம் என்றால் 8ஆல் வகுங்கள். ஒரு சேனலுக்கு, சத்தம் சிதையாமல் கிடைக்கக்கூடிய வாட்டின் மேல் எல்லை அதுதான். 24 வோல்ட்டுக்கு 8 ஓமில் 36 வாட், 6 ஓமில் 48. அதே ஆம்ப்ளிஃபயரை 32 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் 8 ஓமில் 64, 6 ஓமில் 85. நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும், ஒருபோதும் கூடாது.

அப்படியென்றால் 300 வாட் என்று எழுதுவது பச்சைப் பொய்யா? முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற ஐசியின் தகவல் தாளில் அப்படி ஓர் எண் இருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3255 என்ற ஐசியின் தாளில் 4 ஓமுக்குச் சேனல் ஒன்றுக்கு 315 வாட் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அது 50 வோல்ட் சுமாருக்குச் சப்ளை கொடுத்து, 10 சதவீத டிஸ்டார்ஷனோடு, அதாவது சத்தச் சிதைவோடு, அளந்தது. பத்து சதவீத டிஸ்டார்ஷன் என்றால் கோயில் கொடையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பு. அதன் தம்பி டிபிஏ 3116க்கும் இதே கதை: 50 வாட் என்ற பெருமை 4 ஓமில், 21 வோல்ட்டில், 10 சதவீதச் சிதைவில் வருவது. ஆக, வாட் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை ஓமில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில், எத்தனை சேனல் ஒரே நேரத்தில் ஓடும்போது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அந்த எண் வெறும் அலங்காரம்.

இந்தப் பித்தலாட்டம் இன்று நேற்று தொடங்கியதல்ல. பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்ற நாலெழுத்து நினைவிருக்கிறதா? டேப் ரெக்கார்டர் காலத்தில் தொடங்கி ஹோம் தியேட்டர் காலம் வரை வந்தது. அட்டைப் பெட்டியில் 4000 என்று போட்டிருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் மின்நுகர்வு 60 வாட் என்று இருக்கும். அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்ததால்தான் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன், வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்டை எப்படி அளந்து எழுத வேண்டும் என்று 1974லேயே விதி போட்டது. 2024இல் அதை இன்னும் இறுக்கி, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுக்க அளந்த எண்ணையே சொல்ல வேண்டும் என்று திருத்தினார்கள். யமஹா, டெனான் போன்ற பழைய கம்பெனிகளின் தாளில் இந்த வகை எண்ணைத் தேடினால் கிடைக்கும். நம்ப வேண்டியது அதைத்தான்.

சின்ன ஆம்ப் எரித்த ட்வீட்டர்

ஏரி வற்றினால் என்ன ஆகும்? கல்லூரி விடுதியில் அதைப் பணம் கொடுத்துப் படித்தேன். ரிச்சி தெருவில் 4440 ஐசி போட்ட போர்டு ஒன்றை வாங்கி, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். அந்த ஐசி ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட் தரும். அறைக்கு அது தாராளம். ஆயுத பூஜை அன்று அதையே வராந்தாவுக்கு இழுத்துப்போய், வால்யூம் குமிழைக் கடைசி வரை திருகிக் காலையிலிருந்து ஓடவிட்டோம். சாயங்காலம் பொரி பங்கிடும்போது பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் ட்வீட்டர் பேச்சு மூச்சு இல்லை.

நடந்தது இதுதான். பாட்டின் அலை ஏறி இறங்குகிறது. உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் சப்ளையின் வோல்ட்டேஜ் தீர்ந்துவிடுகிறது. அலையின் தலை வெட்டுப்பட்டு மேல்பக்கம் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். பாஸ் அலைகளின் தலை வெட்டுப்படும்போது அசலில் இல்லாத கூர்மையான அதிர்வுகள் பிறந்து ட்வீட்டர் பக்கம் போகின்றன. அதற்கும் மேலாக, உச்சிகள் தட்டிய பிறகும் குமிழைத் திருகிக்கொண்டே போனால் பாட்டின் மெல்லிய பகுதிகள் எல்லாம் உரத்த பகுதியாகிவிடுகின்றன. இடைவெளியில் மூச்சு வாங்கிப் பழகிய ட்வீட்டர், ஓய்வே இல்லாமல் சூடேறிக் கருகுகிறது. பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று பயந்து சின்னதாக வாங்கியவன் நான்.

அதனால் ஸ்பீக்கரின் பின்னால் 60 வாட் என்று போட்டிருந்தால் 60க்கு மேல் ஆம்ப் கூடாது என்று அர்த்தம் இல்லை. உண்மையான 80 வாட்டை அளவோடு ஓட்டுவது, 15 வாட்டைக் கதறவிடுவதைவிடப் பாதுகாப்பு. சத்தம் கரகரக்க ஆரம்பித்தால் எந்த ஆம்பாக இருந்தாலும் குமிழைக் குறையுங்கள்.

எத்தனை வாட் போதும்?

இங்கேதான் எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். சாதாரணமாக வீட்டில் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு.

ஸ்பீக்கரின் தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் சத்தம் என்பதே அது. என் தம்பியின் ஸ்பீக்கருக்கு 86. அவன் உட்காருவது பத்தடி தள்ளி. தூரத்தால் கொஞ்சம் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதாலும் அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் கூடும். கூட்டிக் கழித்தால் ஒரு வாட்டுக்கு 82, 83 டெசிபல் அவன் காதுக்கு வந்து சேரும். இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் சுமார். பாட்டை ரசித்துக் கேட்க 70, 75 போதும். அதற்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு.

பிறகு ஏன் 50 வாட், 60 வாட் என்று தேடுகிறோம்? தவிலடிக்காக. பாட்டின் சராசரி சத்தம் ஒன்று. தவிலோ டிரம்ஸோ ஓங்கி விழும் அந்த நொடியின் உச்சம் வேறு. நல்ல ஒலிப்பதிவில் உச்சம் சராசரியைவிட 15 டெசிபல் மேலே போகும். டெசிபல் கணக்கு விநோதமானது: 3 டெசிபல் ஏற வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபல் ஏறப் பத்து மடங்கு, 15 டெசிபலுக்கு முப்பது மடங்குக்கும் மேல். தம்பி ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் உரக்க வைத்து 85 டெசிபலில் கேட்கிறான் என்றால் சராசரிக்கு 2 வாட் செலவு; தவிலின் ஓர் அடிக்கு 50, 60 வாட். அது நொடியில் சிறு பகுதிதான். ஆனால் அந்த நொடியில் ஏரியில் தண்ணீர் இருக்க வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 50 வாட்டிலிருந்து 100க்குப் போனால் கூடுவது 3 டெசிபல். “கொஞ்சம் ஏத்தி வச்சியா?” என்று கேட்கிற அளவு வித்தியாசம், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கு என்று காதுக்குத் தோன்ற 500 வாட் வேண்டும். ஆக 40 வாட்டா 60 வாட்டா என்று தூக்கம் கெடத் தேவையில்லை. அதே காசில் 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் கிடைத்தால் ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கிய பலன் தானாக வந்துவிடும்.

என்ஏடி 3020 என்று 1978இல் வந்த ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றும் பேசுவார்கள். தாளில் வெறும் 20 வாட். ஆனால் உச்சம் வரும் நொடியில் சொன்னதைவிடக் கூடுதலாகத் தாங்கும், இடக்கு செய்கிற ஸ்பீக்கரையும் சமாளிக்கும். சின்ன ஊருக்குப் பெரிய ஏரி வெட்டிய மாதிரி.

ஓம் எண்ணையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஓம் குறையக் குறைய வாய்க்கால் அகலம். ஸ்பீக்கர் அதிகக் கரண்ட் இழுக்கும், ஆம்ப் சூடாகும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ‘6 முதல் 16 ஓம்’ என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் உரக்க ஓட்டாதீர்கள். ஹாலுக்கு ஒரு ஜோடி, சாப்பாட்டு அறைக்கு ஒரு ஜோடி என்று இரண்டையும் ஒரே முனையில் சேர்த்தால் ஓம் பாதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கிளாஸ் ஏபி, கிளாஸ் டி

கடையில் இந்த எழுத்துகளைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். தரவரிசை என்று நினைத்துவிட வேண்டாம். மதகைத் திறக்கும் முறைகளின் பெயர் அவை.

கிளாஸ் ஏபி மதகைப் பாட்டின் போக்குக்கேற்பக் கால், அரை, முக்கால் என்று திறக்கிறது. பாதி திறந்த மதகில் கணிசமான ஆற்றல் சூடாக வீணாகிறது. அதனால்தான் அந்த வகைப் பெட்டிகளில் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய ஹீட் சிங்கும். இந்த வகையில் உண்மையை அறிய எளிய வழி, தூக்கிப் பார்ப்பது. 100 வாட் என்று எழுதியிருந்தும் ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க முடிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது.

கிளாஸ் டியில் மதகு ஒன்று முழுசாகத் திறந்திருக்கும், அல்லது முழுசாக மூடியிருக்கும். நொடிக்கு நாலைந்து லட்சம் முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பாட்டின் வடிவத்தைக் கொண்டுவருகிறது. வெளியே போகும் வழியில் ஒரு கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் அந்த அதிவேகத் துடிப்பை வடிகட்டிவிடும். பாதி திறந்த நிலையே கிட்டத்தட்ட இல்லாததால் சூடு குறைவு, கனமும் குறைவு. டி என்பது டிஜிட்டலின் டி என்று பலர் சொல்வார்கள், அது தவறு. ஏ, பி, சிக்குப் பிறகு வந்த எழுத்து, அவ்வளவுதான். இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் 1964லேயே எக்ஸ்-10 என்று இந்த வகையில் ஒரு கிட் விற்றுப் பார்த்தது. அந்தக் கால டிரான்சிஸ்டர்களுக்கு அத்தனை வேகம் வரவில்லை. இன்று கையளவு பெட்டியில் நல்ல சத்தம் வருகிறதென்றால் காரணம் வேகமான, மலிவான ஐசிகள்.

எது நல்லது? பட்ஜெட் வட்டத்தில், ஒழுங்காகச் செய்த எதுவும் நல்லது. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் ஒரு சோதனை வெளியிட்டது. சுமார் 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வ் ஆம்ப்ளிஃபயர் வரை, எது ஓடுகிறது என்று தெரியாமல், சத்த அளவைச் சமமாக்கிக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களின் விடைகள் குருட்டாம்போக்கில் சொன்னதற்கு மேல் போகவில்லை. இதை ஒப்புக்கொள்ளாத ரசிகர்கள் இன்றும் உண்டு. அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் சத்தத்தைச் சமமாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆம்பில் ஒன்று இம்மியளவு உரக்கப் பாடினாலும் காது அதையே ‘தெளிவு’ என்று சொல்லும். கடைக்காரருக்கு அது தெரியும்.

முதலில் ஜமக்காளம்

தம்பியிடம் பணத்தை எடுக்காதே என்றேன். முதலில் என்ன குறை என்று சொல். “பாட்டு வெட்டவெளியில கேக்குற மாதிரி இருக்குண்ணா. பாடுறவர் குரல் எங்கேருந்து வருதுனே தெரியல. பாஸும் இல்ல.”

இது ஆம்ப்ளிஃபயரின் நோய் போலத் தெரியவில்லை. ஒரு ஸ்பீக்கரின் பின்னால் மட்டும் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிப் போட்டுக் கேட்கச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான். பாஸ் வந்துவிட்டது, குரல் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வீட்டில் வருஷக்கணக்காக இப்படி ஓடுகிறதோ.

அடுத்து, ஸ்பீக்கர் இரண்டும் ஷோகேஸுக்குள் மாமா கொண்டுவந்த பொம்மைகளுக்கு நடுவே இருந்தன. வெளியே எடுத்து, காது உயரத்துக்கு ஸ்டூலில் வைத்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி நகர்த்தச் சொன்னேன். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, பூச்சு போட்ட வெறும் சுவர். ட்ரெபிள் எல்லாம் எதிரொலித்துக் காதைக் குத்தும். நடுவில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. இவை எந்த ஆம்ப்ளிஃபயரும் செய்யாத வேலையைச் செய்யும்.

ஐந்தேகால் அங்குல ஊஃபரிடம் உறுமி மேளத்தின் அடிவயிற்று அதிர்வை எதிர்பார்த்தால் 500 வாட் கொடுத்தாலும் வராது. அதற்குத் தனி ஆம்போடு வருகிற சப்ஊஃபர்தான் வழி. பின்னாளில் அந்த ஆசை வரலாம் என்று தோன்றினால், இப்போதே ‘சப் அவுட்’ உள்ள ஆம்ப்ளிஃபயராகப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆம்பை மாற்றக் காரணம் இருக்கலாம். பாட்டு ஓடாதபோது ஊம் என்று உறுமல், நடுத்தர சத்தத்திலேயே கரகரப்பு, அரை மணியில் கை வைக்க முடியாத சூடு. அல்லது டிவியின் ஆப்டிகல் வயரைச் செருக இடமில்லை, ரெக்கார்டு பிளேயரைச் செருக ஃபோனோ இன்புட் இல்லை. குமிழைத் திருகும்போது மட்டும் பரபர என்றால் அது வெறும் தூசி. மின்கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு போதும். தம்பியுடையதில் உறுமல் இருந்தது, சூடும் இருந்தது. மாற்றத்தான் வேண்டும்.

பத்தாயிரத்தில் என்ன?

பத்தாயிரத்தை ஒட்டி அவனுக்குக் கிடைப்பவை கிளாஸ் டி சின்னப் பெட்டிகள். ஃபோசி வி3, ஐமா ஏ07 இரண்டிலும் உள்ளே இருப்பது முன்பு சொன்ன அதே டிபிஏ 3255. 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரே அவன் ஸ்பீக்கருக்கு ஏராளம். 48 வோல்ட் அடாப்டருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, பெரிய ஹாலும் மந்தமான ஸ்பீக்கரும் உள்ளவர்களுக்கு. டிபிஏ 3116 போட்ட இன்னும் மலிவான பெட்டிகளும் படிக்கிற மேஜைக்குக் குறையில்லாதவை.

இன்னும் பணம் சேர்க்க முடிந்தால் முழு அளவு ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. டெனான் பிஎம்ஏ-600என்இ 8 ஓமில் 45 வாட். கேம்பிரிட்ஜின் ஏஎக்ஸ்ஏ35 அதே 8 ஓமில் 35 வாட். எண் சிறிதாகத் தெரிகிறதா? இவை நாணயமான வாட். இத்தனை இன்புட், ரிமோட், ஃபோனோ, ஹெட்ஃபோன் எல்லாம் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் கூடுதல் விலை நியாயம்தான்.

அசெம்பிள் வழியும் நம் ஊரில் உயிரோடு இருக்கிறது. “5200-1943 ரெண்டு செட் போட்ருக்கண்ணே, 200 வாட் வரும்” என்பார் கடைக்காரர். அந்த எண்கள் டிரான்சிஸ்டர் ஜோடியின் பெயர். டிரான்ஸ்ஃபார்மர் என்னவென்று கேளுங்கள். 24-0-24 வோல்ட் என்றால் 8 ஓமில் 50 வாட் சுமார்தான். எத்தனை செட் போட்டாலும் ஏரி அதே ஏரி. காப்பர் வைண்டிங்கா அலுமினியமா என்றும் கேளுங்கள். இரும்புப் பெட்டியாக இருந்தால் மூன்று பின் வயரும் எர்த்தும் கண்டிப்பு. சௌகரியம் பார்த்து இரண்டு பின்னோடு விட்டுவிடுபவர்கள் அதிகம்.

பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் கைமாற்றாகக் கிடைத்தால் பின்னால் உள்ள வோல்ட்டேஜ் எண்ணைப் பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள். ஜப்பானுக்கு 100 வோல்ட், அமெரிக்காவுக்கு 120. நம் 230இல் செருகினால் புகைதான். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் முனைகளில், பாட்டில்லாமல், டிசி மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். 50க்குள் இருந்தால் நலம். வோல்ட் கணக்கில் காட்டினால் உங்கள் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள்.

வயர் விஷயத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மின்கடையில் விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வீட்டு அறைக்குப் போதும். முப்பது அடிக்கு மேல் ஓட்டினால் 2.5. அதற்கு மேல் செலவழிப்பது அழகுக்காக.

கிளாஸ் டி பெட்டியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இடது, வலது ஸ்பீக்கர்களின் கறுப்பு முனைகளை ஒன்றாகச் சேர்க்கவோ எர்த்தில் தொடவோ கூடாது. பழைய ஆம்ப்களில் இரண்டு கறுப்பும் ஒரே இடம்தான். இவற்றில் அப்படி இல்லை, கறுப்பிலும் மின்சாரம் துடிக்கிறது. பழைய பழக்கத்தில் மூன்று வயரில் இரண்டு ஸ்பீக்கரை ஓட்டினால் ஐசி போய்விடும். ஆப்டிகல் துளை உள்ள பெட்டியில் டிவியை இணைத்துச் சத்தம் வரவில்லையென்றால் டிவி மெனுவில் ஆடியோ அவுட்டைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி சிக்னலைப் பிரித்தறிய இந்த சின்னப் பெட்டிகளுக்குத் தெரியாது.

தம்பி 32 வோல்ட் பெட்டியை வாங்கினான். மாட்டிய அன்று இரவே போன். “அண்ணா, குமிழ் பத்து மணி நிலைக்கு வர்றதுக்குள்ளயே வீடு அதிருது. கடைசி வரைக்கும் திருப்பினா என்ன ஆகும்? அவ்வளவு பவர் மிச்சம் இருக்கா?”

மிச்சமெல்லாம் இல்லை. மதகின் பிடியை எவ்வளவு இலகுவாக வைத்திருக்கிறார்கள் என்பதே அந்தக் குமிழ். டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றித் தரும் டிஏசியிலிருந்து 2 வோல்ட் வந்தால் கால் திருப்பிலேயே ஏரி முழுக்கத் திறந்துவிடும்; போனின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து அதில் பாதியோ இன்னும் குறைவோ வந்தால் முக்கால் வரை திருப்ப வேண்டியிருக்கும். போனில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் குமிழை நிதானமாகத் திருப்ப இடம் கிடைக்கும் என்றேன். “அப்ப பத்து மணிக்கு மேல போகக் கூடாதா?” என்றான். கரகரக்கிற இடத்தில் நில், அது எத்தனை மணியாக இருந்தாலும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.